இறக்கையில் படிந்த பனி: ஒரு புறப்பாட்டு முடிவின் வரலாறு

பனி பொழியும் நாடுகளின் விமான நிலையங்களில், இறக்கையில் பனி ஒட்டியிருக்கும் விமானம் ஓடுபாதையிலிருந்து மேலெழும்பக் கூடாது என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற விதியாக நிலைபெற்றுவிட்டது. அவ்விதியின் வட அமெரிக்க வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு, அதில் உள்ள நீண்ட இடைவெளி ஒன்று புலப்படாமல் போகாது. உறைபனியோ பனிக்கட்டியோ ஒட்டிய இறக்கையுடன் புறப்படுவதை அமெரிக்காவின் குடிசார் விமானப் போக்குவரத்து விதிகள் 1950இலேயே தடைசெய்தன. அந்தத் தடையை ஒரு விமான நிறுவனம் எவ்வாறு நிறைவேற்ற வேண்டும், யார், எப்போது, எதைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்பதை அதே நாட்டின் சட்டம் வரையறுத்ததோ 1992இல்தான். இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகளில் விதி புத்தகத்தில் இருந்தது. அதைக் கடைப்பிடிப்பதற்கு வேண்டிய கருவி, கால அவகாசம், நம்பத்தக்க தகவல் ஆகியவை பல நேரங்களில் விமானியின் கையில் இல்லை. அந்தப் பற்றாக்குறைக்கு நடுவே தலைமை விமானி ஒருவர் தனியாக எடுத்துவந்த முடிவு, பலர் பங்கேற்கும் ஒழுங்குமுறையாக மாறிய வரலாறே பனிநீக்கத்தின் வரலாறு எனலாம்.

பனி செய்யும் கேடு

இறக்கையின் வளைந்த மேற்பரப்பை ஒட்டிக் காற்று பிரியாமல் செல்லும்வரைதான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் உயர்த்துவிசை நிலைத்திருக்கும். பனி படிந்தால் விமானத்தின் எடை கூடிவிடும் என்பதே ஆபத்து என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், பனியின் எடையைக் காட்டிலும் அதன் சொரசொரப்பே பெருங்கேடு விளைவிக்கிறது. இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் நடுத்தர உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான பனி படிந்திருந்தாலே, உயர்த்துவிசை 30 விழுக்காடு வரை குறையவும், முன்னோக்கிய இயக்கத்தை எதிர்க்கும் இழுவிசை 40 விழுக்காடு வரை கூடவும் இடமுண்டு என்று அமெரிக்க, கனடிய வான்போக்குவரத்துத் துறைகளின் வழிகாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. காற்றோட்டம் வழக்கத்துக்கு முன்பே இறக்கையை விட்டுப் பிரிந்துவிடுவதால், விமானி பழகிய வேகத்தில், பழகிய கோணத்தில் மூக்கை உயர்த்தினாலும் விமானம் ஏறாது. ஏறினாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சரியும்.

வானில் பறக்கும்போது படியும் பனியை எதிர்கொள்ளும் முயற்சிகள் தரையில் படியும் பனி பற்றிய அக்கறையைவிட முன்னதாகத் தொடங்கின. 1920களில் அமெரிக்காவின் வான்வழி அஞ்சல் விமானிகள் மேகங்களுக்குள் பனியில் சிக்கித் தவித்ததன் விளைவாக, நாக்கா எனப்பட்ட தேசிய வானூர்தியியல் ஆலோசனைக் குழு 1928இல் லாங்லி ஆய்வகத்தில் குளிரூட்டப்பட்ட காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துப் பனிபடிதலை ஆராய முற்பட்டது. வேதியியலாளர் வில்லியம் கியர், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் துணையுடன், இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறையைப் பொருத்தி, அதனுள் காற்றை ஏற்றியும் இறக்கியும் பனிக்கட்டியை உடைத்து உதிர்க்கும் முறையை உருவாக்கினார். அது 1930இல் அஞ்சல் விமானம் ஒன்றில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இயந்திர வெப்பத்தை இறக்கைக்குள் செலுத்திப் பனி படியாமல் காக்கும் முறைக்காக லூயிஸ் ரோடெர்ட் 1946ஆம் ஆண்டுக்குரிய கோலியர் விருதைப் பெற்றார். இக்கண்டுபிடிப்புகள் அனைத்தும் பறக்கும் விமானத்தைக் கருதியவை. அவை காத்தது பெரும்பாலும் முன்விளிம்பை மட்டுமே. நிறுத்திவைக்கப்பட்ட விமானத்தின் இறக்கை முழுவதிலும் படியும் பனியைத் துடைப்பத்தால் பெருக்குவது, கயிற்றை இருபுறமும் பிடித்து இழுத்துத் தேய்ப்பது, கிளைக்கால் என்னும் உறைதடுப்புத் திரவத்தைத் தெளிப்பது ஆகியவற்றைத் தவிர வேறு வழி நெடுங்காலம் இருக்கவில்லை.

மியூனிக்: பழி சுமத்தப்பட்ட பார்வை

தலைமை விமானியின் கண்பார்வை ஒன்றையே நம்பியிருந்த காலத்தின் இயல்பை 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நேர்ந்த விபத்து வெளிப்படுத்தியது. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியினரை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் ஐரோப்பிய ஏர்வேஸின் அம்பாசடர் வகை விமானம், இயந்திரக் கோளாறால் இரண்டு முறை புறப்பாட்டைக் கைவிட்ட பின், மூன்றாம் முயற்சியில் மேலெழாமலே ஓடுபாதையைக் கடந்து மோதியது. அதிலிருந்த 44 பேரில் 23 பேர் இறந்தனர், அவர்களில் எண்மர் அணியின் ஆட்டக்காரர்கள். தலைமை விமானி ஜேம்ஸ் தெய்னும் துணை விமானி கென்னத் ரேமெண்டும் இறக்கைகளைப் பார்த்துவிட்டு, பனி உருகி வடிகிறது, அகற்றத் தேவையில்லை என்று முடிவுசெய்திருந்தனர். விபத்து நடந்து பல மணி நேரம் கழித்து, புதிய பனி மூடிய இறக்கையை ஆராய்ந்த ஜெர்மானிய விசாரணையாளர்கள், அதனடியில் பனிக்கட்டி இருந்ததைக் காட்டி, அதை அகற்றாத தெய்னே பொறுப்பாளி என்று தீர்த்தனர்.

தெய்ன் அத்தீர்ப்பை எதிர்த்துப் பத்தாண்டுகளுக்கு மேல் போராடினார். ஓடுபாதையின் கடைப்பகுதியில் தேங்கிக்கிடந்த பனிச்சேறு, அதாவது பாதி உருகிய பனியும் நீரும் கலந்த குழம்பு, சக்கரங்களைப் பிடித்திழுத்ததால் 117 நாட் வேகத்தை எட்டிய விமானம் 105 நாட்டுக்கு வீழ்ந்தது என்பதை, இடையில் நடத்தப்பட்ட சோதனைகளின் துணைகொண்டு ஏற்ற பிரிட்டிஷ் விசாரணை அவரை 1969இல் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் மீண்டும் பயணிகள் விமானம் எதையும் ஓட்டாமலே 1975இல் காலமானார். இறக்கையைப் பார்த்தவரின் சொல்லைத் தவிர வேறு பதிவு ஏதும் இல்லாதபோது, அவர் கண்டது சரியா என்று பின்னர் எவராலும் உறுதிசெய்ய இயலாது என்பதும், பனி தொடர்பான ஆபத்து இறக்கையோடு நிற்காமல் ஓடுபாதைக்கும் நீள்கிறது என்பதும் இவ்வழக்கு உணர்த்தியவை. அடுத்து வந்த காலத்தில் ஓடுபாதைச் சேற்றின் ஆழத்துக்கு வரம்புகள் விதிக்கப்பட்டன. இறக்கையைப் பற்றிய முடிவு மட்டும் முன்போலவே விமானியிடம் விடப்பட்டது.

வாஷிங்டன்: கடந்துபோன 49 நிமிடங்கள்

பனிநீக்கம் செய்யப்பட்ட விமானமும் விழக்கூடும் என்பதை 1982 ஜனவரி 13 காட்டியது. வாஷிங்டன் தேசிய விமான நிலையத்தில் கடும் பனிப்பொழிவுக்கிடையே ஏர் ஃபுளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்குப் பனிநீக்கத் திரவம் தெளிக்கப்பட்டது. ஆனால் அது முடிந்ததற்கும் விமானம் ஓடத் தொடங்கியதற்கும் இடையே 49 நிமிடங்கள் கழிந்தன. அந்நேரம் முழுவதும் பனி பெய்துகொண்டே இருந்தது. முன்னால் நின்ற மற்றொரு ஜெட் விமானத்தின் வெப்பக் காற்று தங்கள் இறக்கைப் பனியை உருக்கும் என்ற எண்ணத்தில் விமானிகள் அதை நெருங்கி நின்றனர். உருகிய பனி பின்னர் இறக்கையின் முன்விளிம்பில் மீண்டும் உறைவதற்கே அது வழிவகுத்திருக்கக்கூடும் என்பது பிற்பாடு தெரியவந்தது. இயந்திரங்களுக்கான பனித்தடுப்பு வெப்ப அமைப்பை அவர்கள் இயக்கவில்லை என்பதால், இயந்திர முகப்பிலுள்ள அழுத்த உணரிகள் பனியால் அடைபட்டு, 1.70 அளவே இருந்த, உந்துவிசையைக் குறிக்கும் அழுத்த விகிதத்தை 2.04 என்று பொய்யாகக் காட்டின. அளவுகள் பொருந்தவில்லை என்று துணை விமானி பலமுறை கூறியும் ஓட்டம் நிறுத்தப்படவில்லை. விமானம் பதினான்காம் தெருப் பாலத்தில் மோதி, உறைந்த பாட்டமாக் ஆற்றில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் வாகனங்களில் இருந்த நால்வரும் இறந்தனர்.

இவ்விபத்துக்குப் பின் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதே ஆண்டிலேயே விரிவான ஆலோசனைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. அதுவோ கட்டளையன்று, அறிவுரையே. தெளித்த திரவம் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு எண்ணளவில் பதில் சொல்ல எந்த விதியும் அப்போது இல்லை. 1987 நவம்பர் 15 அன்று டென்வரில் புறப்பட்ட கான்டினென்டல் நிறுவனத்தின் டிசி-9 விமானம், பனிநீக்கம் முடிந்து 27 நிமிடங்களுக்குப் பின் ஓடத் தொடங்கிக் கவிழ்ந்து, 28 பேர் இறந்தபோதும் அதே கேள்வியே எஞ்சி நின்றது.

டிரைடன்: அமைப்பு முழுவதின் மீதும் ஒரு விசாரணை

கனடாவின் ஆண்டாரியோ மாநிலத்திலுள்ள டிரைடன் என்ற சிற்றூரில் 1989 மார்ச் 10 அன்று நேர்ந்த விபத்து, இவ்வரலாற்றைத் திசைதிருப்பிய நிகழ்ச்சியாகும். தண்டர் பேயிலிருந்து வினிப்பெக்குக்குச் செல்லும் வழியில் டிரைடனில் இறங்கிய ஏர் ஆண்டாரியோ நிறுவனத்தின் ஃபோக்கர் எஃப்-28 ஜெட் விமானத்தில் 69 பேர் இருந்தனர். விமானம் தரையில் நின்றிருந்தபோது பனி பெய்தது. இறக்கைகளில் பனி படிந்தது. பனிநீக்கும் வசதி டிரைடனில் இருந்தும் தலைமை விமானி அதைப் பயன்படுத்தாமல் புறப்பட்டார். ஓடுபாதையை அடுத்த மரங்களின் மேல் விழுந்து தீப்பற்றிய அவ்விமானத்தில் 24 பேர் இறந்தனர்.

நீதியரசர் வெர்ஜில் மொஷான்ஸ்கியின் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், தலைமை விமானியின் தவறு என்ற முடிவோடு நின்றுவிடாமல், அத்தவறான முடிவு எவ்வாறு உருவானது என்று பின்னோக்கித் தேடியது. தரையில் இருக்கும்போது மின்சாரமும், இயந்திரங்களை முடுக்குவதற்கான காற்றழுத்தமும் தரும் சிறு துணை இயந்திரம் அவ்விமானத்தில் பழுதாகியிருந்தது. இயந்திரங்களை வெளியிலிருந்து முடுக்கும் வண்டி டிரைடனில் இல்லை. ஆகவே இரண்டு இயந்திரங்களையும் நிறுத்தினால் விமானம் அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்பதால், ஓர் இயந்திரத்தை ஓடவிட்டபடியே நிற்க நேர்ந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் இந்த வகை விமானத்தில் பனிநீக்கம் செய்யக் கூடாது என்பது நடைமுறை விதி. தண்டர் பேயில் கூடுதல் பயணிகளை ஏற்றுவதற்காக எரிபொருள் குறைக்கப்பட்டிருந்தமையால், டிரைடனில் இயந்திரம் ஓடும்போதே எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. அது காலத்தை விழுங்கியது. புறப்படவிருந்த வேளையில், மோசமான வானிலையில் இறங்க முயன்ற சிறு செஸ்னா விமானம் ஒன்றுக்காகவும் காத்திருக்க நேர்ந்தது. இவற்றில் ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சிறு இடையூறு. எல்லாம் ஒருங்கே சேர்ந்தபோது, பனிநீக்கம் என்பது பயணத்தையே கைவிடுவதற்குச் சமமான முடிவாகிவிட்டது.

இதனினும் ஆழமான ஒன்றை ஆணையம் கண்டறிந்தது. விமானத்துக்குள் பயணிகளாக அமர்ந்திருந்த இரண்டு தொழில்முறை விமானிகளும், விமானப் பணிப்பெண் ஒருவரும் இறக்கையில் பனி இருந்ததைக் கண்டிருந்தனர். ஆயினும் அவர்களில் எவரும் விமானி அறைக்குச் செய்தி அனுப்பவில்லை. தலைமை விமானிக்குத் தெரியாமல் இருக்காது என்ற நம்பிக்கையும், ஒரு விமானியின் வேலையில் மற்றொரு விமானி தலையிடுவது மரியாதையன்று என்ற தொழில்வழக்கும், பணிப்பெண்கள் சொல்லும் கருத்தை விமானிகள் வரவேற்பதில்லை என்ற அனுபவமும் அவர்களின் வாயை அடைத்திருந்தன. அன்றைய கனடிய விதி, பறப்பின் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய அளவுக்குப் பனி ஒட்டியிருந்தால் மட்டுமே புறப்பாட்டைத் தடைசெய்தது. எந்த அளவு பாதிக்கும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு விமானியின் ஊகத்துக்கே விடப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பயிற்சிக் குறைபாடுகள், முறையான கையேடுகள் இன்றி எஃப்-28 சேவை தொடங்கப்பட்டமை, கண்காணிக்க வேண்டிய அரசுத் துறையில் ஆய்வாளர் பற்றாக்குறை ஆகியவற்றையும் சேர்த்துக் கண்ட ஆணையம், விமானப் போக்குவரத்து அமைப்பு முழுவதுமே தோற்றதாக முடிவுசெய்து, 1992இல் வெளியான இறுதி அறிக்கையில் 191 பரிந்துரைகளை முன்வைத்தது.

இதன் பயனாகக் கனடிய விதியில், பனி ஒட்டிய இறக்கையுடன் புறப்படக் கூடாது என்ற தடை ஊகத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது. புறப்படுமுன் இறக்கையில் பனியைக் காணும் எந்தப் பணியாளரும் அதை உடனே தலைமை விமானிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அவரோ அவர் பணிக்கும் விமானி ஒருவரோ இறக்கையை ஆராய்ந்த பின்பே புறப்பட வேண்டும் என்றும் இன்று அந்நாட்டு விதிகள் கூறுகின்றன. டிரைடனில் வாய்மூடியிருந்தவர்களின் தயக்கத்தைச் சட்டத்தின் மூலம் அகற்றும் முயற்சி அது.

நியூயார்க்கும் 1992ஆம் ஆண்டு விதியும்

1991 டிசம்பர் 27 அன்று சுவீடனின் ஆர்லாண்டாவிலிருந்து புறப்பட்ட ஸ்காண்டிநேவிய ஏர்லைன்ஸின் எம்டி-81 விமானத்துக்குப் பனிநீக்கம் செய்யப்பட்டிருந்தது. எனினும் முந்தைய பயணத்தில் குளிர்ந்துபோன எரிபொருள் இறக்கைத் தொட்டியில் எஞ்சியிருந்ததால், அதன் மேற்பரப்பில் கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டி உருவாகியிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. விமானம் மேலெழும்போது இறக்கை வளைய, அப்பனிக்கட்டி பெயர்ந்து வால்பகுதியிலிருந்த இரு இயந்திரங்களுக்குள்ளும் புகுந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தது. தலைமை விமானி ஸ்டெஃபான் ராஸ்முசென் அதை கோட்ரோரா அருகே வயலில் இறக்க, விமானம் மூன்றாக உடைந்தபோதும் 129 பேரும் உயிர்தப்பினர். கண்ணுக்குத் தெரியாத பனியும் உண்டு என்பதால், இறக்கையைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இவ்வகை விமானங்களுக்கு இன்றியமையாதது என்பது உறுதிப்பட்டது.

மூன்று மாதங்களுக்குள், 1992 மார்ச் 22 இரவு, நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் யுஎஸ்ஏர் நிறுவனத்தின் எஃப்-28 விமானம் இருமுறை பனிநீக்கம் பெற்ற பின்னும், இரண்டாவது தெளிப்பு முடிந்து 35 நிமிடங்கள் ஓடுபாதைக்கான வரிசையில் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டு, ஃபிளஷிங் விரிகுடாவின் விளிம்பில் விழுந்தது. 51 பேரில் 27 பேர் இறந்தனர். காத்திருந்த வேளையில் துணை விமானி இறக்கை விளக்கைப் போட்டு, விமானி அறையின் மூடிய சன்னல் வழியே பலமுறை திரும்பிப் பார்த்திருந்தார்; அவர் கண்ணுக்குப் பனி ஏதும் தட்டுப்படவில்லை. புறப்பாடு தாமதமாகும் சூழலுக்கு ஏற்ற நடைமுறைகளை விமானத் தொழிலும் அரசு நிர்வாகமும் விமானிகளுக்கு வகுத்துக் கொடுக்காமை ஒரு காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. கவனக்குறைவற்ற ஒரு விமானி பார்த்தும் பனி தெரியவில்லை என்றால், பார்வையை மட்டும் நம்பும் முறையே போதாது என்பதே அதன் பொருள்.

அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகம் பன்னாட்டு மாநாடு ஒன்றைக் கூட்டி, குளிர்காலம் தொடங்குமுன், நவம்பர் 1 முதல், புதிய விதியை நடைமுறைப்படுத்தியது. அதன்படி ஒவ்வொரு பெரிய விமான நிறுவனமும் அரசின் ஒப்புதல் பெற்ற பனிநீக்கத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். விமானிகளோடு தரைப் பணியாளர்களும் ஆண்டுதோறும் பயிற்சி பெற வேண்டும். திரவம் இறக்கையைக் காக்கும் கால அளவான காப்பு நேரத்தின் அட்டவணைகள் விமானியிடம் இருக்க வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டால், புறப்படுவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களுக்குள் இறக்கை தூய்மையாக உள்ளதெனச் சோதித்து உறுதிசெய்தாலன்றி, அல்லது மீண்டும் பனிநீக்கம் செய்தாலன்றி, விமானம் புறப்பட இயலாது.

திரவமும் அட்டவணையும்

காப்பு நேரம் என்ற கருத்து செயல்பட இருவகைத் திரவங்கள் தேவைப்படுகின்றன. முதல் வகை எனப்படும் ஆரஞ்சு நிறத் திரவம், கிளைக்காலும் நீரும் கலந்து, குழாய்முனையில் குறைந்தது 60 பாகை செல்சியஸ் சூட்டில் பீய்ச்சப்பட்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பனியை அகற்றுகிறது; நீர்போல் வழிந்துவிடும் தன்மையால் பனிப்பொழிவில் அதன் காப்பு நேரம் பெரும்பாலும் இருபது நிமிடங்களைத் தாண்டாது. அதன்மேல் பூசப்படும் நான்காம் வகைப் பச்சைத் திரவம் கூழ்போல் கெட்டியானது. அது இறக்கையில் படலமாகத் தங்கி, விழும் பனியை உள்வாங்கிக் கரைத்து, விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது காற்றின் உராய்வால் இளகி வழிந்துபோகும்படி வடிவமைக்கப்பட்டது. மிதமான சூழலில் அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் காக்கும். கடும் பனிப்பொழிவிலோ அட்டவணை எந்தக் காப்பு நேரத்தையும் வழங்குவதில்லை. வெப்பநிலை, பனியின் வகை, அதன் செறிவு ஆகியவற்றுக்கு ஏற்ப எண்கள் மாறுவதால், பனிப்பொழிவின் செறிவைக் கண்ணுக்கெட்டும் தொலைவைக் கொண்டு கணிக்க வேண்டியிருக்கிறது. ஒரே தொலைவு பகலில் ஒரு செறிவையும் இரவில் வேறொரு செறிவையும் குறிப்பதால் அதற்கும் தனி அட்டவணை உண்டு. கலப்பு இழைப் பொருளால் ஆன இறக்கைகள் அலுமினிய இறக்கைகளைப் போல் வெப்பத்தைத் தேக்கிவைப்பதில்லை என்பதால், முதல் வகைத் திரவத்துக்கு அவற்றுக்கெனக் குறுகிய நேரங்கள் தனியே வகுக்கப்பட்டன.

பனிநீக்கம் செய்யும் இடமும் மாறியது. முன்பு பயணிகள் ஏறும் வாயிலருகே தெளிக்கப்பட்ட திரவம், ஓடுபாதைக்கான நீண்ட வரிசையிலேயே தன் ஆற்றலை இழந்துவந்தது. டென்வரின் புதிய விமான நிலையத்திலும் டொரான்டோவின் பியர்சனிலும் தனிப் பனிநீக்க வளாகங்கள் அமைந்தன. அங்கு விமானம் இயந்திரங்கள் ஓடும் நிலையிலேயே வந்து நிற்க, நீண்ட கைகொண்ட வண்டிகள் சூழ்ந்து தெளித்தபின், தெளிப்பு தொடங்கிய நேரம், திரவத்தின் வகை, கலவை விகிதம் ஆகியவை வானொலி வழியே விமானிக்குச் சொல்லப்படுகின்றன. தெளிப்பு தொடங்கிய அந்த நிமிடத்திலிருந்தே அவருடைய காப்பு நேரம் கணக்கிடப்படுகிறது. தரையில் வழியும் கிளைக்கால் நீர்நிலைகளில் கலந்தால் ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொல்லும் என்பதால், அதைச் சேகரிப்பதும் இவ்வளாகங்களின் பணியாயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் இதற்கெனக் கழிவுநீர் விதிகளை வெளியிட்டது.

வசதி இல்லாத இடங்கள்

இவ்வொழுங்குமுறை எல்லா இடங்களையும் எட்டிவிடவில்லை. கனடாவின் சஸ்காச்சவன் மாநிலத்தின் வடகோடியிலுள்ள ஃபான்-டு-லாக்கில் 2017 டிசம்பர் 13 அன்று, வெஸ்ட் விண்ட் நிறுவனத்தின் ஏடிஆர்-42 விமானம் புறப்பட்ட உடனே மரங்களில் விழுந்தது. 25 பேரில் ஒருவர் பின்னர் இறந்தார், பலர் கடுமையாகக் காயமுற்றனர். துணை விமானி வாசலில் நின்று பார்த்து, இறக்கையில் பனி இருப்பதைத் தலைமை விமானியிடம் தெரிவித்திருந்தும், விதி கோரிய சோதனை நடைபெறவில்லை. அங்கு நிறுவனம் வைத்திருந்த பனிநீக்கக் கருவிகள் இரண்டு ஏணிகள், மின் போர்வையால் சூடாக்கப்படும் ஒரு கைத்தெளிப்பான், ஒரு கலன் திரவம் ஆகியவை மட்டுமே. இத்தகைய தொலைதூர வடக்கு நிலையங்களில் பறக்கும் விமானிகளிடம் கனடியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய கேட்டறிதலில், ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தங்கள் விமானத்துக்கு அரிதாகவே பனிநீக்கம் கிடைக்கிறது அல்லது கிடைப்பதே இல்லை என்று விடையளித்தனர்.

டிரைடனுக்குப் பின் எழுதப்பட்ட விதி, பனியைக் கண்டவர் சொல்ல வேண்டும் என்றது. ஃபான்-டு-லாக்கில் கண்டவர் சொன்னார். சொன்னதைக் கேட்டபின் தலைமை விமானியின் முன்னிருந்த வழிகள், ஏணியில் ஏறிக் கைத்தெளிப்பானால் ஒரு விமானத்தின் இறக்கை முழுவதையும் கழுவ முயல்வது, பயணிகளோடு அங்கேயே தங்குவது, பழகிய துணிவோடு புறப்படுவது ஆகிய மூன்றே. 1989இல் முடுக்கும் வண்டி இல்லாத ஒரு நிலையம் தலைமை விமானியை எந்த முட்டுச்சந்தில் நிறுத்தியதோ, அதே முட்டுச்சந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் வேறொரு வடிவில் நீடித்தது. பெரிய நிலையங்களில் பனி காரணமான புறப்பாட்டு விபத்துகள் அரிதாகிவிட்டமைக்குக் காரணம், அங்குள்ள விமானிகள் முன்னோரைவிடத் துணிவு குறைந்தவர்களோ கூரிய கண்ணுடையவர்களோ ஆகிவிட்டமை அன்று. திரவமும் வண்டியும் அட்டவணையும் மறுமுறை தெளித்துக்கொள்ளும் வாய்ப்பும் அவர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளமையே. ஆகவே ஒரு நாட்டின் பனிநீக்கப் பாதுகாப்பை அளவிட விரும்புவோர், அதன் சட்டநூலையும் மிகப் பெரிய விமான நிலையத்தையும் பார்த்தால் போதாது; அந்நாட்டின் மிகச் சிறிய நிலையத்தில், புறப்பட மறுக்கும் விமானிக்கு என்ன உதவி கிடைக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.